பஸ் படிக்கட்டில் ஒரு ‘வரேன்’

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ரங்கா படிக்கட்டில் நின்றான். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் பரீட்சை அட்டை. நானும் டெரிக்கும் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடினோம். வெயிலில் தார் இளகி என் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது.

“சனிக்கிழமை ஆறு மணிடா! ஹால் வாசல்ல!” என்று கத்தினேன்.

ரங்கா திரும்பிப் பார்த்தான். “வரேன்!” என்றான். அவ்வளவுதான். கண்டக்டர் அவனை உள்ளே இழுத்தார். பஸ் காவிரிப் பாலத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

அவன் வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் அவனை வெறுத்தேன். சாப்பிடும்போது வெறுத்தேன், தகரம் அடிக்கும்போது வெறுத்தேன். கல்யாணமான முதல் வாரத்தில் என் மனைவியிடம் நான் சொன்ன முதல் பெரிய கதை, என் வாழ்க்கையைக் கெடுத்த ரங்காவின் கதைதான்.

போன வாரம் என் அப்பாவின், எங்கள் வீட்டு வழக்கில் அத்தாவின், டிரங்குப் பெட்டிக் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த உறையூர் வாசகர் ஒருவர், “பள்ளிக்கூட நாளில் ராக் இசைக்குழு வைத்திருந்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தமாஷா?” என்று கேட்டிருக்கிறார். தமாஷ் இல்லை ஐயா. தமாஷாக இருந்திருந்தால் இத்தனை நாள் எழுதாமல் இருந்திருக்க மாட்டேன்.

“பெரிய ஆர்டரா?”

அறுபதுகளின் ஆரம்பம் அது. நாங்கள் மூன்று பேரும் கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தோம்.

டெரிக் பொன்மலை ரயில்வே காலனிப் பையன். ஆங்கிலோ இந்தியர்களை ஊரில் சட்டைக்காரர்கள் என்று சொல்வோமே, அந்தக் குடும்பம். அப்பா இன்ஜின் டிரைவர். காலனிப் பள்ளியில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு எங்கள் பள்ளிக்கு வந்தவன். அவன் தமிழில் வாத்தியாரை ‘வாடா’ என்பான், பியூனை ‘வாங்க’ என்பான். ஆனால் அவனிடம் ஒரு கிட்டார் இருந்தது. திருச்சியில் அன்றைக்கு அது யானை வைத்திருப்பது மாதிரி.

ரங்காவிடம் குரல் இருந்தது. என்னிடம் இருந்தது தகரம்.

அத்தா கடையின் பின்கட்டில், பெரிய டிரங்குக்கு வெட்டிய தகரத்தை உருளையாக வளைத்து, ஓரம் மடித்து, ஆட்டுத்தோல் போர்த்தி நானே டிரம் செய்தேன். பெரிது ஒன்று, சின்னது இரண்டு. வட்டமாக வெட்டி நடுவில் குழி தட்டிய இரண்டு தகரத் தட்டுகள் ஜால்ராவுக்கு. பெரிய டிரம்மின் வயிற்றில், பெட்டிகளுக்குப் போடுகிற அதே பச்சைப் பெயின்ட்டில் ரோஜாப்பூ வரைந்தேன். அதைப் பார்த்துத்தான் டெரிக் எங்கள் குழுவுக்கு ‘டின் டிரங்க்ஸ்’ என்று பெயர் வைத்தான்.

பயிற்சியும் அந்தப் பின்கட்டில்தான். தெரு முழுக்க டிரங்குப் பெட்டிக் கடைகள், எல்லாவற்றிலும் சுத்தியல் சத்தம். எங்கள் சத்தம் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்துக் கடை மஸ்தான் மாமா ஒருநாள் எட்டிப் பார்த்து, “என்னப்பா சாதிக், பெரிய ஆர்டரா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டுகள் டெரிக் வீட்டு ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனிலிருந்து வந்தவை. ரங்கா ஒரு தடவை கேட்டால் போதும், ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மளமளவென்று எழுதிவிடுவான். நமக்கு ‘ப’ ஒன்றுதானே. அதை எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெத்தென்று சொல்ல வேண்டும் என்பது அவன் காதுக்கு மட்டும் தெரியும். நான் படித்தால் ‘பேபி’ என்பது பேயை ஓட்டுகிற மாதிரி வரும். டெரிக் தலையில் அடித்துக்கொள்வான்.

இரண்டாவது குளியல்

ரங்காவின் வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். அவன் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். ரங்காவும் ஐந்து வயதிலிருந்து அந்த வரிசையில் உட்கார்ந்து சேவித்துப் பழகியவன். மைக் இல்லாமல் கல் மண்டபத்தை நிறைக்கும் குரல். அந்தக் குரலில் அவன் ஆங்கிலப் பாட்டைப் பாடினால் தகரக் கூரை அதிரும். சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கமும் இருந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா மண்டபத்தில் இறங்கிக் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் போவான்.

“எங்க சந்து நாத்தத்தைக் கழுவிட்டுப் போறியாடா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“வேர்வைடா. உன் தகரக் கொட்டகையில வெந்து போயிட்டேன்.”

“அப்ப எங்க வீட்டு டீயை ஏன் குடிக்க மாட்டேங்குற?”

“சோடா வாங்கிக் குடு, குடிக்கறேன்” என்று சிரித்தான்.

கோலி சோடா அடைத்து வருவதாம், யார் கையும் படாததாம். நானும் சிரித்துவிட்டு சோடா வாங்கிக் கொடுத்தேன். உள்ளே சுருக்கென்றது. அந்தச் சுருக்கையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிற்பாடு அவனை வெறுக்கக் காரணம் தேடியபோது அது சௌகரியமாகக் கைக்குக் கிடைத்தது.

திங்கட்கிழமை கடைக்கு வா

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, பொன்மலை காலனி ஹாலில் நடனம். மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் சாயங்கால நடனத்துக்கு வாத்தியக்குழு பிடித்துக் கொடுக்கிறவர் வருகிறார், உள்ளூர்ப் பையன்களைக் கேட்டுப் பார்த்து ஒரு குழுவைக் கோடைக்கு அழைத்துப் போவார் என்று டெரிக் செய்தி கொண்டுவந்தான்.

நான் அத்தாவிடம் போய் நின்றேன். அவர் மூடிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ்காரர் கூப்பிட்டா போ. நான் தடுக்கலை” என்றார். “கூப்பிடலைன்னா திங்கட்கிழமை காலைல கடைக்கு வந்துடணும். அப்புறம் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. சரிதானா?”

“சரிங்கத்தா.”

டிரங்குக் கடை கேவலமான தொழில் என்று நான் நினைக்கவில்லை. அதில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்குப் பயம் காதைப் பற்றி. அத்தாவிடம் கத்தித்தான் பேச வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழுந்தால் அப்படித்தான். எனக்கோ உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, சத்தம். அதில் எது எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காதைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தது.

ஹால் வாசல்

ஆறு மணிக்கு நானும் டெரிக்கும் வாசலில் நின்றோம். டிரம்களை ஜட்கா வண்டியில் வைத்து நகரத்திலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. டெரிக்கின் சித்தப்பா மகன் கிளைவ் தன் குழுவோடு வந்து இறங்கினான். வெள்ளைக் கோட்டு. அவன் டிரம்காரனிடம் கடையில் வாங்கிய பளபளக்கிற டிரம். என் பச்சை ரோஜாவைப் பார்த்து அவன் கண்ணடித்தான்.

ரங்கா வரவில்லை.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரங்கா எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு நானே பாடினேன். ‘ப’ வருகிற இடமெல்லாம் முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த பாட்டை டெரிக் பாட முயன்றான், குரல் ஏறவில்லை. மெட்ராஸ்காரர் நல்ல மனுஷர். எழுந்து வந்து என் தோளைத் தட்டி, “கை நல்லா இருக்கு தம்பி. பாடறவர் எங்கே?” என்று கேட்டார்.

கிளைவின் குழு மெட்ராஸ் போயிற்று. டெரிக் அடுத்த மாதமே ரயில்வேயில் இன்ஜினுக்குக் கரி தள்ளப் போனான். நான் திங்கட்கிழமை காலை தொழுகை முடிந்ததும் கடைக்குப் போனேன். அத்தா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். சுத்தியலைக் கையில் கொடுத்தார்.

ரங்காவிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. ஒருமுறை பாலத்தில் சைக்கிளில் எதிரே வந்தான். பிரேக் பிடித்தான். நான் தண்ணீரைப் பார்த்தபடி தாண்டிப் போனேன்.

கைலாசபுரத்தில்

எட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் டெரிக் கடை வாசலில் வந்து நின்றான். முன்நெற்றி ஏறியிருந்தது.

“நான் ஆஸ்திரேலியா போறேன் மேன். குடும்பத்தோட. திரும்பி வரமாட்டேன்” என்றான். “போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூணு பேரும் வாசிக்கணும். ரங்கா ஏற்பாடு செஞ்சிருக்கான்.”

ரங்கா புதிதாக வந்த பெரிய தொழிற்சாலையில் ஆபீஸ் வேலையில் இருந்தான். கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ். அங்கே கிளப்பில் ஆண்டு விழா, அதில் எங்களுக்குக் கால் மணி நேரம். ஒப்புக்கொண்டேன். பாசத்தால் இல்லை. அவன் மூஞ்சிக்கு நேராக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காக.

செம்மண்ணில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் முள் கட்டிய வேப்பங்கன்று. ரங்கா தடித்திருந்தான். அவன் மனைவி வைதேகி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தாள். மூன்றும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். ரங்கா நான் குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

ஒத்திகை ஆரம்பித்தது. நாலு வரி தாண்டவில்லை, டெரிக் கிட்டாரை நிறுத்திவிட்டான்.

“நீ லேட்டா வர்றே, ஸாடிக்.”

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி நிறுத்தினான். என் இடப்பக்கம் வந்து கடைசி மெல்லிய கம்பியை மீட்டினான். கம்பி அதிர்வதைப் பார்த்தேன்.

“கேக்குதா?”

“எது?” என்றேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இடது காது போய்விட்டது என்று எனக்குத் தெரியும், வீட்டில்கூடச் சொல்லவில்லை. வலதும் போய்க்கொண்டிருந்தது. ரங்காவின் மேல்ஸ்தாயி எனக்கு எங்கோ கொசு பறப்பது போலத்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் குரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வந்தவன், கேட்க முடியாமல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றினேன்.

“திருப்தியாடா? நீ அன்னைக்கு வந்திருந்தா இந்தக் காது எனக்கு இருந்திருக்கும். வரேன்னு சொல்லிட்டு ஏன்டா வரலை?”

ரங்கா பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“கோஷ்டியில சேவிச்சிண்டிருக்கறச்சே என் கை தொடையில தாளம் போட்டுடுத்துடா. உன்னோட தாளம். பெருமாள் சந்நிதியில. அப்பா பார்த்துட்டார். இது எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் அடிக்கலை, திட்டலை. ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்திருந்தார். நான் என்ன பண்ணுவேன்?”

“அப்ப வரேன்னு ஏன் சொன்னே?”

“பஸ் கிளம்பிடுத்தேடா. கிளம்பறவன் வரேன்னு சொல்லாம போறேன்னா சொல்லுவான்?”

நம் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சாவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் ‘வரேன்’தான். அவன் விடைபெற்றுக்கொண்டானாம். எங்களிடமிருந்தும் பாட்டிலிருந்தும்.

நான் விட்டுவிட்ட வரிகள்

மேலே பஸ் ஸ்டாண்டில் நடந்ததை எழுதினேன் அல்லவா, அது முழுசாக இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். விட்டு விட்டுச் சொல்லியே பழகிவிட்டது. என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பஸ் வருவதற்கு முன்னால் நாங்கள் சோடாக் கடை நிழலில் நின்றிருந்தோம். டெரிக் காலணாவுக்குக் கடலை வாங்கப் போயிருந்தான். ரங்கா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆத்துல அப்பாவுக்குத் தெரிஞ்சுடுத்துடா. இனிமே என்னால...” என்றான்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சும்மா இரு” என்று நான் அவன் வாயை அடைத்தேன். அவன் தலையை ஆட்டினான், ‘ஆமாம்’ என்று அல்ல. பஸ் வந்தது. படிக்கட்டில் நின்று அவன் சொன்ன ‘வரேன்’ எப்படிப்பட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். சத்தம் எனக்குத் தெரியாதா? அப்போது காது நன்றாக இருந்தது.

டெரிக் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். “அவன் வர்றானா, போறானா? எனக்குப் போற மாதிரி கேட்டுச்சு மேன். கிளைவைக் கேட்கட்டா? அவன் நம்மகூடப் பாடுவான்.”

கிளைவ் வந்தால் அவன் டிரம்காரன் வருவான். அந்தப் பளபளக்கிற டிரம் வரும். பச்சை ரோஜா போட்ட தகரத்தோடு நான் வீட்டுக்குப் போவேன். டெரிக் மட்டும் மெட்ராஸ் போவான்.

“உனக்குத் தமிழ் தெரியுமாடா?” என்றேன். “வரேன்னா வரேன்தான். வந்துடுவான்.”

டெரிக் இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். எப்படியாவது வந்துவிட மாட்டானா என்று ஒரு நப்பாசை. ரங்காவாவது தன் அப்பாவுக்காக வராமல் இருந்தான். நான் என் இடத்துக்காக டெரிக்கின் வாய்ப்பையும் சேர்த்துக் கெடுத்தேன். அதற்குப் பிறகு ரங்காவை வெறுப்பது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் அறைக்கு வாருங்கள். ரங்கா எழுந்து என் முன்னால் கையைக் கூப்பினான். வாசற்படியில் வைதேகி டம்ளர்களோடு அசையாமல் நின்றாள்.

“என்னாலதானேடா உன் காது போச்சு. மன்னிச்சுடுடா சாதிக். ஒரு வார்த்தை சொல்லு.”

டெரிக் ரங்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கிட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தான். இரண்டு முறை கேட்டவன் அவன். எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. நான் சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை.

“விடுடா” என்றேன். “மன்னிச்சுட்டேன்.”

ரங்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க பெரிய மனசு பண்ணினேள்” என்றாள். டெரிக் கிட்டாரை உறையில் போட்டான்.

அன்று சாயங்காலம் கிளப்பில் வாசித்தோம். டெரிக்கின் காலைப் பார்த்துப் பார்த்து நான் தாளம் போட்டேன். ரங்கா அற்புதமாகப் பாடினான் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் டெரிக் கிட்டாரை ரங்காவின் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் வராமலே போய்விட்டான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு ரங்காவுக்கு வாழ்த்து அட்டை வரும். எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ரங்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, என் வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து படித்துக் காட்டுவான். முடித்ததும் ஒரே கேள்வி. “உன்னை விசாரிச்சு ஒரு வரிகூட எழுத மாட்டேங்கறானே, ஏன்டா?”

“தெரியலையேடா” என்பேன்.

இந்தத் தொடரை ரங்கா முதல் வாரத்திலிருந்து படிக்கிறான். என்னைவிட அவனுக்குத்தான் இதில் பெருமை. புதன்கிழமை ராஜகோபுரத்துப் பக்கம் கடையில் பத்திரிகை வந்ததும் முதல் பிரதி அவனுக்கு. வீட்டுக்குப் போகும் பொறுமைகூட இல்லாமல் அங்கேயே நின்று, என் பக்கத்தைப் பிரித்துப் படிப்பானாம். இந்த வாரப் பக்கத்தையும் அப்படித்தான் படிப்பான்.